உயிரணுவின் அகமதில்

ஒரு பாடத்தைக் கற்கத் தொடங்கும் மாணவன் தன் ஆசிரியரை நோக்கி, ‘இதனைப் படிப்பதால் யாது பயன்?’ என்று வினவுவது எக்காலத்தும் உள்ள வழக்கமே. நூலுக்குப் பாயிரம் வகுத்த நம் முன்னோரும் பயன் கூறுதலைப் பாயிரத்தின் உறுப்புகளுள் ஒன்றாக வைத்தனர். எனவே, அவ்வினாவைக் குறைகூறுதற்கில்லை. ஆயின், ஓர் அறிவு பிறக்கும் நாளிலேயே அதன் பயன் இன்னார்க்கு, இவ்வழியில் வந்து சேரும் என்று எவராலும் கூறிவிட இயலுமா? அறிவியல் வரலாறு இவ்வினாவிற்குத் தரும் விடைகள் பல. அவற்றுள் ஒன்றை, உயிரணுவின் உள்ளே மறைந்து கிடந்த ஒரு மெல்லிய மதிலின் கதையாக ஈண்டுக் காண்போம்.

1966ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று, உடற்கூற்றறிஞர் டான் ஃபாசெட் எழுதியது. முதுகெலும்புள்ள உயிர்களின் சிலவகை அணுக்களில், உட்கருவைச் சூழ்ந்துள்ள உறையின் உட்புறத்தே நார்போன்ற மென்படலம் ஒன்று படிந்திருப்பதை அவர் மின்னணு நுண்ணோக்கியின் வாயிலாகக் கண்டு வெளியிட்டார். மற்றொன்று, ஆலன் எமரி, ஃபிரிட்ஸ் டிரைஃபஸ் என்னும் இரு மருத்துவர்கள் எழுதியது. வர்ஜீனியா மாநிலத்துப் பெருங்குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த தசைத்தேய்வு நோயை அவர்கள் விளக்கினர். முன்னதைப் படித்தவர் அணுவியலார். பின்னதைப் படித்தவர் நரம்பு மருத்துவர். இவ்விரு கட்டுரைகளும் ஒரே பொருளின் இரு பக்கங்களைப் பேசுகின்றன என்பதை அன்று ஒருவரும் அறிந்திலர். அதனை உலகம் அறிய 33 ஆண்டுகள் ஆயின.

உறையும் அதன் உட்புறமும்

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது என்பதை மாணவரும் அறிவர். தக்கை மரப்பட்டையின் சீவலில் சிறுசிறு அறைகளைக் கண்டு, அவற்றை ‘செல்’ எனப் பெயரிட்டுத் தம் நூலில் 1665ஆம் ஆண்டு வெளியிட்டவர் இராபர்ட் ஹூக். அவ்வறைகளின் நடுவே அமைந்த உருண்டைக்கு ‘நியூக்ளியஸ்’ என்னும் பெயரை 1831ஆம் ஆண்டில் வழங்கியவர் தாவரவியலறிஞர் இராபர்ட் பிரௌன். அதனையே நாம் உட்கரு என்கிறோம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் மரபுச் செய்தியின் மிகப் பெரும்பகுதி டி.என்.ஏ. என்னும் நெடிய இழைகளாக இவ்வுட்கருவினுள் சுருண்டு கிடக்கின்றது. உயிரணுவை ஒரு நகரமாகக் கொண்டால், உட்கருவை அந்நகரின் நடுவே அமைந்த ஏட்டுச்சுவடி மாடம் எனலாம்.

அம்மாடத்தின் சுவர் எத்தன்மையது? இவ்வினாவிற்கு ஒளி நுண்ணோக்கியால் விடை கூற இயலவில்லை. 1950ஆம் ஆண்டில் காலன், டாம்லின் என்னும் இருவர் நீர்நில வாழ் உயிர்களின் முட்டையணுக்களை எடுத்து, அவற்றின் உட்கருவுறையை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். உறையில் வரிசை வரிசையாகத் துளைகள் அமைந்திருந்தன. செய்தியும் பொருளும் வந்துபோகும் வாயில்கள் அவையே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வாயில் பற்றிய ஆராய்ச்சியில் அறிஞர் பலர் ஈடுபட்டனர். ஆயின், சுவரின் உட்புறத்தே படிந்திருந்த படலத்தின் மீது பலருடைய கருத்தும் செல்லவில்லை. ஃபாசெட் அதனைச் சுட்டிக்காட்டிய பின்னரும், அது ஏதோ தாங்குபொருள் என்ற அளவிலேயே கருதப்பட்டது.

பிரித்தெடுத்தோர்

கண்ணால் காண்பது வேறு. கையில் எடுத்து ஆராய்வது வேறு. அப்படலத்தைத் தனியே பிரித்தெடுக்கும் பணி நியூயார்க் நகரின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் நிறைவேறியது. 1975ஆம் ஆண்டில் ஆரன்சன், குந்தர் புளோபெல் ஆகிய இருவரும் எலியின் ஈரல் அணுக்களிலிருந்து உட்கருக்களைப் பிரித்து, உறையின் கொழுப்புப் பகுதியைக் கரைத்து நீக்கினர். உறையின் கொழுப்பு கரைந்த பின்னரும் துளைகள் சிதறிப்போகவில்லை. மெல்லிய படலம் ஒன்று அவற்றை அவ்வவற்றின் இடத்திலேயே பிடித்து வைத்திருந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1978ஆம் ஆண்டில், லேரி ஜெரேஸ் என்னும் இளம் ஆய்வாளர் புளோபெலுடன் சேர்ந்து, அப்படலத்தின் முதன்மையான மூன்று புரதங்களின் இருப்பிடத்தை உறுதிப்படுத்தினார். இலத்தீன் மொழியில் மென்தகட்டைக் குறிக்கும் ‘லாமினா’ என்னும் சொல் அப்படலத்திற்குப் பெயராயிற்று. அதனை ஆக்கும் புரதங்கள் லாமின் ஏ, லாமின் பி, லாமின் சி என வழங்கலாயின.

அடுத்து, 1980ஆம் ஆண்டில் அவ்விருவரும் வெளியிட்ட செய்தி வியப்பிற்குரியது. ஓர் அணு இரண்டாகப் பிரியும் வேளையில் அதன் உட்கருவுறை மறைந்துபோகிறது என்பது முன்பே தெரிந்த உண்மை. மறைந்த மதிலின் கற்கள் எங்கே போயின? அவை அழிந்துபோகவில்லை. லாமின் புரதங்களின்மீது பாஸ்பேட் என்னும் வேதிப்பொருள் ஏறிக்கொள்ள, மதில் தனித்தனிக் கற்களாகக் கலைகின்றது. பிரிவு முடிந்ததும் அப்பொருள் விலக, அதே கற்கள் மீண்டும் ஒன்றுகூடி, இரு புதிய உட்கருக்களைச் சுற்றி இரு மதில்களாக எழுகின்றன. இடித்தபின் புதுக்கல் தேடாமல், பழைய கல்லைக்கொண்டே எழுப்பும் கட்டடக்கலை அது.

இவ்வாய்வை நடத்திய புளோபெலின் வாழ்க்கையை இங்கு நினையாதிருத்தல் இயலாது. 1936ஆம் ஆண்டில் சைலீசியா நாட்டுப்புறத்தில் பிறந்த அவர், 1945ஆம் ஆண்டின் போர்க்காலத்தில் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடிய சிறுவர். வழியில் கண்டு மகிழ்ந்த டிரெஸ்டன் நகரம் சின்னாட்களில் குண்டுமாரியில் எரிந்தபோது, வானம் சிவந்ததைத் தொலைவிலிருந்து கண்டார். புரதங்கள் தத்தம் இடம் அறிந்து செல்லும் முறையைக் கண்டறிந்ததற்காக 1999ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றபோது, அப்பரிசுத் தொகையை டிரெஸ்டன் நகரின் இடிந்த தேவாலயத்தையும் யூதர் தொழுகைக்கூடத்தையும் மீண்டும் எழுப்புவதற்காக ஈந்தார். கலைந்த மதில் மீண்டும் எழுவதை ஆய்வுக்கூடத்தில் கண்டவர், அதனைத் தாம் கண்ட நகரிலும் காண விழைந்தார் போலும்.

1986ஆம் ஆண்டில் லாமின்களின் குலம் தெரியவந்தது. நம் மயிரையும் நகத்தையும் ஆக்கும் கெரட்டின் முதலான இழைப்புரதங்களின் உறவினவே லாமின்கள் என்பதை அவற்றின் அமைப்பு வரிசை காட்டிற்று. பின்னர், லாமின் ஏ, லாமின் சி ஆகிய இரண்டும் ஒரே மரபணுவின் பிள்ளைகள் என்பதும், அம்மரபணு முதலாம் குரோமோசோமில் உள்ளது என்பதும் தெளிவாயின. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த நுண்ணிய படங்கள், இம்மதிலின் இழை ஒன்றின் பருமன் 3.5 நானோமீட்டர் என்றும், மதிலின் கனம் ஏறத்தாழ 14 நானோமீட்டர் என்றும் காட்டின. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர். தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லாத இச்சுவரே உட்கருவுக்கு உருவமும் உறுதியும் தருவது. தசை, எலும்பு போன்ற வலிய உறுப்புகளின் அணுக்களில் லாமின் ஏ மிகுதியாகவும், மூளை போன்ற மென்மையான உறுப்பில் குறைவாகவும் இருப்பதை 2013ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. தாங்கும் சுமைக்கேற்ப மதிலின் வலிமையும் அமைகின்றது.

இரு வழிகள் கூடிய இடம்

இனி, வர்ஜீனியாக் குடும்பத்தின் நோய்க்கு வருவோம். இந்நோயுற்ற சிறுவர்க்கு முழங்கையும் கழுத்தும் குதிகால் நாணும் இளமையிலேயே இறுகி மடங்கும். பின்னர்த் தோளும் காலும் மெலியும். இவற்றினும் கொடியது, இதயத்தைத் துடிக்கச் செய்யும் மின்தூண்டல் இடையே தடைபடுவது. எவ்வித அறிகுறியுமின்றி இயங்கிக்கொண்டிருந்த ஒருவரின் இதயம் திடீரென நின்றுவிடலாம்.

இந்நோயின் ஒரு வகைக்குக் காரணமான மரபணுவை 1994ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அம்மரபணு ஆக்கும் புரதத்திற்கு, நோயை விளக்கிய எமரியின் பெயரால் ‘எமெரின்’ என்று பெயரிட்டனர். தசைநோயின் புரதம் தசை இழையிலோ, தசையணுவின் வெளிச்சவ்விலோ இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால், 1996ஆம் ஆண்டில் அது உட்கருவின் உறையில் இருப்பது வெளிப்பட்டது. தசையைத் தேய்க்கும் நோய்க்கும் உட்கருவின் சுவருக்கும் என்ன தொடர்பு? மருத்துவர்கள் அணுவியலாரின் பழைய கட்டுரைகளைப் புரட்டத் தொடங்கினர்.

1999ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. எமெரின் குறையற்றிருந்தும் அதே நோயுற்ற குடும்பங்களை ஆராய்ந்த பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர் ஜிசேல் பொன் அவர்களும் அவர்தம் குழுவினரும், லாமின் ஏ, சி ஆகியவற்றை ஆக்கும் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டனர். 1966ஆம் ஆண்டில் தனித்தனியே புறப்பட்ட இரு வழிகளும் இங்கே ஒன்றுகூடின. அதே ஆண்டில், இதயம் தளர்ந்து விரியும் நோய் ஒன்றிற்கும், மறு ஆண்டில், உடலின் சில பகுதிகளில் மட்டும் கொழுப்பு கரைந்துபோகும் நோய் ஒன்றிற்கும் அதே மரபணுவின் பிழைகளே காரணம் எனத் தெரியவந்தது. இன்று பத்துக்கும் மேற்பட்ட நோய்கள் இவ்வொரு மரபணுவின் பிழைகளால் விளைவன என அறிகின்றோம்.

அதே 1999ஆம் ஆண்டில் காலின் ஸ்டூவர்ட் என்னும் அறிஞரும் அவர்தம் கூட்டாளிகளும் முழுமையான லாமின் ஏ இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தனர். அவை பிறக்கும்போது குறையின்றியே பிறந்தன. ஆயின், வளர்ச்சி குன்றி, தசை மெலிந்து, எட்டு வாரங்களுக்குள் மடிந்தன. இந்த ஸ்டூவர்ட்டும், லாமின் ஆய்வில் தேர்ந்த பிரையன் பர்க் என்பாரும் பின்னர்ச் சிங்கப்பூரின் பயோபொலிஸ் வளாகத்தில் அமைந்த மருத்துவ உயிரியல் கழகத்திற்கு வந்து சேர்ந்தனர். சுன்1 என்னும் மற்றொரு உறைப்புரதம் அளவின்றிக் குவிவதும் இந்நோய்களில் தீங்கு விளைக்கிறது என்பதையும், அதனை நீக்கினால் நோயுற்ற சுண்டெலிகளின் வாழ்நாள் நீள்கிறது என்பதையும் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட குழுவில் ஸ்டூவர்ட்டும் ஒருவர். இவ்வரலாற்றின் ஓர் ஏடு நம் வட்டாரத்திலேயே எழுதப்பெற்றது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

ஓர் எழுத்தின் பிழை

லாமின் நோய்களுள் நெஞ்சை உருக்குவது முன்முதுமை நோயாகும். 1886ஆம் ஆண்டில் ஜோனதன் ஹட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை முதலில் எழுதினார். முதுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு ‘புரோஜீரியா’ எனப் பெயரிட்டவர் ஹேஸ்டிங்ஸ் கில்ஃபோர்டு. பிறக்கும்போது மற்றக் குழந்தைகளைப் போன்றே தோன்றும் குழந்தைக்கு, ஓரிரு ஆண்டுகளில் வளர்ச்சி நின்று, மயிர் உதிர்ந்து, தோல் சுருங்கி, மூட்டு இறுகுகின்றது. அறிவிற்கு மட்டும் ஒரு குறைவும் நேர்வதில்லை. தனக்கு நேர்வதை முற்றும் உணர்ந்த குழந்தை, முதியோர்க்குரிய இதயநோயால், மருந்தின்றேல், சராசரியாக 14 வயதளவில் மடிகின்றது. பல இலட்சம் பிறப்பில் ஒன்றாக வரும் இந்நோயை ஆராய நெடுங்காலம் எவரும் முன்வரவில்லை.

சாம் பெர்ன்ஸ் என்னும் குழந்தைக்கு இந்நோய் இருப்பது தெரிந்தபோது அவனுக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். அவர்கள் தேடிப் பார்த்தபோது மருந்தும் இல்லை. காரணம் அறிந்தாரும் இல்லை. அழுது ஓய்ந்திருத்தலை விடுத்து, 1999ஆம் ஆண்டில் அவர்கள் ஓர் ஆய்வு அறநிறுவனத்தைத் தொடங்கினர். உலகெங்கும் உள்ள நோயுற்ற குழந்தைகளின் அணுக்களைத் திரட்டி ஆய்வாளர்க்கு அளித்தனர். நான்கே ஆண்டுகளில், 2003ஆம் ஆண்டில், ஃபிரான்சிஸ் காலின்சின் அமெரிக்கக் குழுவும், மார்சேய் நகரத்துப் பிரெஞ்சுக் குழுவும் காரணத்தைக் கண்டறிந்தன. லாமின் ஏ மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அமெரிக்கக் குழு ஆராய்ந்த 20 குழந்தைகளில் 18 பேருக்கு அதே இடத்தில் அதே மாற்றம். பெற்றோரிடம் அப்பிழை இல்லை. குழந்தையிடமே அது புதிதாகத் தோன்றியிருந்தது.

தமிழ் கற்பிப்போர்க்கு இப்பிழையின் இயல்பு எளிதில் விளங்கும். மரபணுவின் எழுத்துகள் மும்மூன்றாகக் கூடி ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கின்றன. இங்கு நேர்ந்த எழுத்து மாற்றத்தால் அவ்விடத்து அமினோ அமிலம் மாறவில்லை. முன்பு கிளைசின்; இப்போதும் கிளைசினே. அவ்வாறாயின் தீங்கு எங்கிருந்து வந்தது? மரபணுவின் செய்தியை அணுவானது இடையிடையே வெட்டி ஒட்டிய பின்னரே படிக்கின்றது. மாறிய எழுத்து, வெட்டக் கூடாத இடத்தில் ‘இங்கே வெட்டுக’ என்னும் பொய்க்குறி ஒன்றை உண்டாக்கிற்று. ‘வேங்கை’ என்பதை ஒரு சொல்லாகக் கொண்டால் புலியாம், மரமாம். ‘வேம் கை’ எனப் பிரித்தால் வேகின்ற கையாம். பிரிக்கும் இடம் பிழைத்தால் பொருள் பிழைக்கும் என்பது நம் இலக்கணம் கற்றார் அறிந்ததே. அவ்வாறே இங்கும் 150 எழுத்துகள் வெட்டுண்டு போக, 50 அமினோ அமிலங்கள் குறைந்த ஊனப்புரதம் பிறக்கின்றது. அதற்குப் புரோஜெரின் என்று பெயர்.

லாமின் ஏ உருவாகும்போது அதன் வால் முனையில் ஃபார்னெசில் என்னும் கொழுப்புக் கொக்கி மாட்டப்படுகின்றது. புரதம் உறையை அடைவதற்கு அது துணைசெய்யும். பின்னர் ஒரு நொதி அவ்வாலை வெட்டி நீக்கிவிடும். புரோஜெரினில் வெட்டுப்படவேண்டிய அவ்விடமே காணாமற் போயிற்று. எனவே, கொக்கி நீங்காத ஊனப்புரதம் உறையோடு ஒட்டிக்கிடந்து குவிகின்றது. உட்கரு தன் வட்டவடிவு இழந்து கோணலாகின்றது. நோயற்றவர்களின் அணுக்களிலும் இப்பொய்க்குறியில் வெட்டு நேர்ந்து, மிகச் சிறு அளவில் புரோஜெரின் உண்டாகிறது என்பதை 2006ஆம் ஆண்டில் ஸ்காஃபிடியும் மிஸ்டெலியும் வெளியிட்டனர். நாம் அனைவரும் அடையும் முதுமையை ஆராய்வதற்கும் அச்சிறுவரின் நோய் ஒரு வாயிலைத் திறந்துள்ளது.

காலத்தோடு ஓட்டம்

கொக்கிதான் தீங்கின் வேர் என்றால், கொக்கி மாட்டுவதையே தடுத்தால் என்ன? அதனைத் தடுக்கவல்ல லோனாஃபார்னிப் என்னும் மருந்து, புற்றுநோய்க்கென முன்பே உருவாக்கப்பட்டிருந்தது. 2007ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் முன்முதுமை நோயுற்ற சிறுவர்க்கு அதனை அளித்து ஆராயத் தொடங்கினர். 2012ஆம் ஆண்டில் 25 சிறுவர்களின் முடிவுகள் வெளிவந்தன. சிலருக்கு எடை கூடிற்று. சிலருக்கு இரத்தக் குழாய்களின் இறுக்கம் தளர்ந்தது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க அரசு இம்மருந்திற்கு ஒப்புதல் அளித்தது. நோயை அறவே நீக்கும் மருந்தன்று இது. 11 ஆண்டுகள் வரை தொடர்ந்து கணித்ததில், வாழ்நாளைச் சராசரியாக இரண்டரை ஆண்டு நீட்டித்தது தெரியவந்தது. பதினான்கு ஆண்டே வாழ்நாளாகக் கொண்ட குழந்தைக்கு இரண்டரை ஆண்டு சிறிதாகுமா?

சாமும் அம்மருந்தை உட்கொண்ட சிறுவர்களுள் ஒருவனே. தன் பள்ளி அணிவகுப்பில் முழவு இசைத்துச் செல்லவேண்டும் என்பது அவன் ஆசை. தாங்கியோடு முழவின் எடை ஏறத்தாழ 18 கிலோ. அவன் எடையோ 23 கிலோ அளவுதான். மூன்று கிலோவிற்குள் அடங்கும் கருவி ஒன்றை ஒரு பொறியாளர் அவனுக்கெனச் செய்து கொடுத்தார். அவன் முழவேந்தி நடந்தான். 2014ஆம் ஆண்டு ஜனவரியில், தன் பதினேழாம் வயதில் மறைந்தான். மருந்திற்கு ஒப்புதல் கிடைத்ததை அவன் கண்டிலன். காரணம் கண்டறிந்த 2003ஆம் ஆண்டின் கட்டுரையிலும், மருந்தின் பயன் கூறிய 2012ஆம் ஆண்டின் கட்டுரையிலும் அவனுடைய அன்னை லெஸ்லி கார்டனின் பெயர் இடம்பெற்றுள்ளது.

பணி இத்துடன் முடியவில்லை. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், மனிதரின் அப்பிழையைத் தாங்கிய சுண்டெலிகளின் மரபணுவில் மாறிய எழுத்தையே திருத்தி அமைத்தனர். 215 நாளாக இருந்த அவற்றின் இடைநிலை வாழ்நாள் 510 நாளாக உயர்ந்தது. சுவடியிற் பிழை கண்டால் ஏட்டையே திருத்தும் பதிப்பாசிரியரின் பணி போன்றது அது.

இப்போது மாணவனின் வினாவிற்குத் திரும்புவோம். 1966ஆம் ஆண்டில் ஃபாசெட் அம்மென்படலத்தைக் கண்டபோது, ‘இதனால் யாது பயன்?’ என்று கேட்டிருந்தால் அவரால் என்ன விடை கூறியிருக்க இயலும்? 1975ஆம் ஆண்டில் எலியின் ஈரலைக் கரைத்துக்கொண்டிருந்தவர்களாலும் கூறியிருக்க இயலாது. ஆயின், அவர்கள் தேடி வைத்த அறிவு அங்கே இருந்தமையால்தான், ஒரு குழந்தையின் பெற்றோர் கதவைத் தட்டியபோது நான்கு ஆண்டுகளில் அது திறந்தது. இல்லாவிடில் அந்நான்கு ஆண்டுகள் நாற்பதாகியிருக்கும். அந்த நாற்பது ஆண்டுகள் எந்தப் புரோஜீரியாக் குழந்தையிடத்தும் இல்லை.

பயன் கேட்பது தவறன்று. இன்றே பயன் தராததை இகழ்ந்து ஒதுக்குவதே தவறு. நம் வகுப்பறைகளில் ஒரு மாணவன் எவரும் பொருட்படுத்தாத ஒன்றை உற்று நோக்கிக்கொண்டிருந்தால், ஆசிரியராகிய நாம் அவனைத் தடுக்காதிருப்போமாக. அவன் நோக்குவது எந்தக் குழந்தைக்காக என்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.